கவிழ்த்த ஆறும் நிமிர்த்திய ஒன்றும்

மழைக்காலத்தில் கண்ணாடி டம்ளர்களைச் சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா? கொடைக்கானல் மலைக்குக் குடித்தனம் வந்து ஐந்து வருடமாகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

பழனியில், நான் பிறந்த வீட்டில், இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. பித்தளை டம்ளர்களைப் புளி போட்டுத் துலக்கி முற்றத்தில் கவிழ்த்தால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். செண்பகனூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில், ஆடி ஐப்பசி மாதங்களில் வெயில் வந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். சுவரில் பதித்த மர அலமாரி. கதவைச் சாத்தினால் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். தட்டில் விரித்த செய்தித்தாளில் ஒரே வாரத்தில் பூசணம் பூக்கும். கவிழ்த்த டம்ளரை எடுத்து முகர்ந்தால் நனைந்த காகித வாடை. நிமிர்த்தி வைத்தால் தூசி, பல்லி. சின்னப் பெண்குழந்தை உள்ள வீடு. பல்லி ஓடிய டம்ளரில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தே எனக்குப் பாதி நாள் போய்விடும்.

டம்ளர்களைக் கொடைக்கானல் பஜாரில் பாய் ஒருவருடைய பாத்திரக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி, என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள், வைக்கோலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் சுண்டி ஓசை பார்த்துக் கொடுத்தாள். ஆறு முடிந்ததும் இன்னொன்றையும் சேர்த்துச் சுற்றினாள்.

“நான் ஆறுதானே கேட்டேன்?”

“இது நான் சும்மா தர்றதுங்க்கா. அடியில ஒரு குமிழி இருக்கு, விக்காது. கண்ணாடின்னா என்னிக்காவது ஒடையும். அன்னிக்கு என்னைய வையக் கூடாதுல்ல.”

அவளுடைய அக்கா வீடு எங்கள் தெருவுக்கு மேலே இருந்தது. வியாழக்கிழமைகளில் டவுன் பஸ்ஸில் அங்கே வருகிறவள், திரும்பும்போது எங்கள் வீட்டிலும் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவளுக்கும் என் மகள் வயதில் ஒரு மகள். என் பயங்களையெல்லாம் அவளிடம்தான் கொட்டுவேன். “பல்லு வரலைன்னு இப்ப அழுவுறீங்க. வந்தப்பறம் கடிக்குதுன்னு அழுவீங்க” என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த ஊரில் என்னைச் சிரிக்க வைத்தவள் அவள் ஒருத்திதான்.

மகளுக்கு ஒரு வயதானபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் பழனியிலிருந்து வந்தார். மலைக்கோயிலுக்குப் பூக்கட்டும் குடும்பம், ஆசாரம் அதிகம். தோழி வருவதைப் பார்த்து என்ன சொல்வாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. மாமியாரைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று வெட்கப்பட்டு, அவரைப் புகழ்ந்து என் அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

அதே வாரத்தில்தான் என் கணவருக்கு அலமாரியின் மேல் அக்கறை வந்தது. அவர் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். உப்பு எங்கே இருக்கிறது என்று அறியாத மனிதர்.

“இங்க பாரு, யோசிச்சுக்கிட்டே இருந்தா ஆகுமா? சோதனை பண்ணிப் பாத்துருவோம். ஆறைக் கவுத்து வை. குமிழி உள்ளத மட்டும் மேல் தட்டுல நிமித்தி வச்சு, வாய ஒரு தட்டால மூடு. எது வாடை அடிக்குதுன்னு வாராவாரம் மோந்து பாத்து எழுது.”

என் சமையலறைக் கவலையை ஒருவர் பொருட்டாக எடுத்துக்கொண்டாரே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரு நோட்டுப் போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் ஏழு டம்ளர்களையும் முகர்ந்து எழுதினேன். அவரும் வாங்கிப் படித்து, “பரவாயில்லையே” என்பார்.

“குமிழி டம்ளரப் பொழங்காமப் போட்டா எப்பிடித் தெரியும்? வர்றவகளுக்கு அதுல குடு” என்றார் மாமியார். தோழி வந்தால் அவரே அதில் டீ ஊற்றி என் கையில் கொடுப்பார். மற்ற விருந்தாளிகளுக்கு வேறு டம்ளர்கள் வந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் தோழியிடம் பெருமையாகவே சொன்னேன்: “உனக்கு மட்டும் எப்பவும் வாடை அடிக்காத டம்ளர், பாத்தியா?”

அவள் டம்ளரை உயர்த்தி, அடியிலிருந்த குமிழியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “எனக்கென்னக்கா கொறைச்சல்” என்றாள்.

போன ஆடியில் ஒரு வியாழன் பிற்பகல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதி டீயை வைத்துவிட்டு அவள் படியிறங்கினாள். என் மகள் அந்த டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். சமையலறையிலிருந்து வந்த மாமியார் பாய்ந்து பிடுங்கினார்.

“ஏத்தா, அதத் தொடாத! அது அந்த பாய் வீட்டுப் பொம்பள குடிக்கிற டம்ளரு!”

குழந்தை வீறிட்டாள். “நம்ம டம்ளர்தானே அத்தை?” என்றேன்.

“ஒண்ணுந் தெரியாதவ மாதிரி கேக்குற! அதுக்குத்தான ஒத்தையா நிமித்தி வச்சுக் கெடக்கு?”

“அது சோதனைக்குன்னு அவர்...”

மாமியார் டம்ளரைத் தரையில் வைத்தார். “என்னைய எதுக்கு மொறைக்கிற? ஊருக்குப் போறேன்னு நான் பெட்டியத் தூக்கினேன். ‘இரும்மா, அவளுக்குத் தெரியாம ஒரு வழி பண்ணுறேன்’னு சொன்னது உம் புருசன். அவனைக் கேளு.”

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பானையில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சண்டை போட்டவர் என் கணவர். பெண் பார்க்க வந்தபோது அதைக் கேள்விப்பட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. சாயங்காலம் குடையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தவரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

“சோதனையும் நடந்துச்சுல்ல? அம்மாவும் இருக்கணும், உன் சிநேகிதியும் வரணும். ரெண்டும் நடந்துச்சு. யாருக்கு என்ன நட்டம்?”

“என் கையாலயே கொடுக்க வச்சீங்களே.”

“சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா?”

மாமியார் போய்விட்டால் குழந்தையை யார் பார்ப்பது என்று பயந்து, ஒருவேளை சம்மதித்திருப்பேனோ? என்னை நானே நம்ப முடியாமல் இருக்கிறது. ஆனால் அவர் என்னைக் கேட்கவே இல்லை. வாரம் தவறாமல் என் நோட்டைப் படித்தார். அந்த “பரவாயில்லையே”யை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

அன்றே ஏழு டம்ளர்களையும் ஒன்றாகக் கலந்து கவிழ்த்துவிட்டேன். மாமியார் இப்போது தன் பித்தளைச் செம்பில் மட்டும் தண்ணீர் குடிக்கிறார். என் கணவரிடம் நான் அரிசி, எண்ணெய் பற்றிப் பேசுகிறேன்.

தோழி இரண்டு வாரம் கழித்து வந்தாள். நானே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

“வேணாங்க்கா, இன்னிக்கு நோன்பு.”

அது ரம்ஜான் மாதமில்லை. மற்ற மாதங்களிலும் நோன்பு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம், “இப்பத்தான் எங்கக்கா வீட்டுல டீ குடிச்சேன்” என்றாள். அதற்கடுத்த வாரமும் ஏதோ ஒரு காரணம். மாமியார் கத்தியபோது அவள் படியின் கீழ்க்கோடியில் இருந்திருப்பாள். மேகம் இறங்கியிருந்ததால் நான் பார்க்கவில்லை. அல்லது முதல் மாதத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தாளோ?

இப்போதும் வருகிறாள். குழந்தைகள் சேர்ந்து விளையாடுகிறார்கள். அவள் முன்னால் தட்டில் எது வைத்தாலும் ஆறிப்போகிறது.

நான் வாய் திறந்து சொல்லிவிடுவதா? தெரியாதவளாக இருந்தால், நானே போய் அவளைக் குத்தியதாகும். தெரிந்தவளாக இருந்தால், நான் பேசாதிருக்கும் ஒவ்வொரு வியாழனும் அந்த ஏற்பாட்டில் எனக்கும் பங்கிருந்ததாகவே அவள் நினைப்பாள். “விடு, தானாச் சரியாயிரும்” என்கிறார் என் கணவர். அவருடைய யோசனையைக் கேட்க எனக்கு இனி மனமில்லை. அதனால்தான் முகம் தெரியாத உங்களிடம் கேட்கிறேன். இப்படி ஒன்றைத் தோழியிடம் சொல்லிவிட்டு, அதன் பிறகும் அவளைத் தோழியாக வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், முதல் வார்த்தையை எப்படி ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.