கப்பலைச் சோதனை போட்ட பாலுசாமி

சிங்காநல்லூரில் ஒரு பஞ்சாலை. அதன் கேட்டில் பாலுசாமி நின்றால், வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் தாமாகவே இரண்டு கையையும் தூக்கிவிடுவார்கள். தடவிப் பார்த்து அனுப்புவது அவர் உத்தியோகம். அப்பா அம்மா இருகூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கியவர்கள். பாலுசாமி மில்லில் பதிலி ஆளாக நுழைந்து, பஞ்சுத் தூசியில் இருமி இருமிக் கடைசியில் கேட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த இடம் அவருக்கென்றே கட்டி வைத்ததுபோல் இருந்தது. சிலருக்குப் பாட்டு பிறவியிலேயே வரும். இவருக்குச் சந்தேகம்.

அதற்கென்று ஒரு சித்தாந்தமும் வைத்திருந்தார்.

"வணக்கமுங்க, சாப்ட்டாச்சுங்களான்னு கேட்டுட்டு ஒருத்தன் வாரான் பாருங்க, அவன் இடுப்புலதான் திருட்டு நூல் கோன் இருக்கும். மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுப் போறவன் சுத்தமானவனுங்க."

தக்காளிக்காரர் "அண்ணனுக்கு நல்லதாப் பாத்துப் போடறேனுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், இவர் கூடையைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டுவார். சிரித்துப் பேசினார் என்பதற்காகவே பல் டாக்டரை மாற்றியவர்.

இப்படிப்பட்டவரின் மகள் செவ்வந்தி, தொண்ணூற்றொன்பதில் ஜெரோமின் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கிற படிப்பு. சென்டருக்குக் கறுப்புக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். முதல் நாளே பாலுசாமி செருப்புகளை ஆராய்ந்து முடித்துவிட்டார்.

"பொம்பளச் செருப்ப விட ஆம்பளச் செருப்புத்தான் சாஸ்தியாக் கெடக்குது. உள்ள என்ன நடக்குது?"

காலை ஷிப்டு முடிந்ததும் வந்து மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வார். மற்ற பெண்களுக்கு விரல் ஓடவில்லை. ஜெரோம் மாதா கோயிலில் அறிவிப்பு வாசிக்கிற ஆள். அதே குரலில், மூச்சு விடாமல் பேசுவான்.

"ஏனுங்ணா, டென்ஷனே வேண்டாமுங்ணா, இப்படி ஏசிக்கு நேரா உக்காருங்ணா, உங்களுக்குன்னே ஒண்ணு போட்டுத் தாரனுங்ணா."

மூலைக் கம்ப்யூட்டரில் அவன் போட்டுத் தந்தது ஒரு விண்வெளிக் கப்பல் கேம். கண் விழித்தால் கப்பலில் ஆள் அரவமில்லை. யாரோ எல்லோரையும் ஏதோ செய்துவிட்டார்கள். கையில் ஒரு துப்பாக்கி, காதில் ஒரு டாக்டர் அம்மாவின் குரல். அந்த அம்மா எங்கிருந்தோ வழி சொல்லும். போகப் போகப் புள்ளிகள் சேரும். அவற்றை வைத்துச் சுடக் கற்கலாம், பூட்டுத் திறக்கக் கற்கலாம், ரிப்பேர் கற்கலாம்.

பாலுசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஜெரோம் பக்கத்தில் நின்று, டாக்டர் அம்மாவின் குரலிலேயே கீச்சென்று தமிழாக்கினான். "ஏனுங்க, தயவு பண்ணி மேல் மாடிக்கு வாங்க. உங்களத்தான் நம்பியிருக்கறேன், சாமி!"

"இத்தன மரியாதை எதுக்கு?" என்றார் பாலுசாமி. சந்தேக விதை அன்றைக்கே விழுந்துவிட்டது.

கப்பலில் முதல் ஆள் எதிர்ப்பட்டான். கோணல் நடை, பச்சை முகம், இரண்டு கையும் தலைக்கு மேல். பாலுசாமி துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு நேராக அவன் இடுப்பருகே போனார்.

"அண்ணா, சுடுங்ணா!"

"கைய்யத் தூக்கிட்டு நிக்கறானல்லோ. தடவிப் பாத்துட்டு உட்டர்லாம்."

தூக்கிய கை தலையில் இறங்கியது. திரை சிவந்தது. பாலுசாமி செத்துப்போனார். அடுத்தவனும் கையைத் தூக்கினான். அவனையும் தடவப் போய் மறுபடி செத்தார். சென்டரே சிரித்தது.

ஆனாலும் மறுநாள் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். காரணம் எளிது. ஊரில் அவர் சந்தேகப்பட்டால் சண்டை வரும். உறவில் ஒரு கல்யாணத்தில் மொய்ப் பையைத் திறந்து பார்த்ததற்கு இன்றுவரை பேச்சில்லை. கப்பலில் எந்த அலமாரியைத் திறந்தாலும், எந்தப் பிணத்தின் பையைத் தடவினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. மாறாக, தோட்டா கிடைக்கிறது, மருந்து கிடைக்கிறது. சந்தேகப்படச் சந்தேகப்பட லாபம்! மனிதர் சொர்க்கத்தில் இருந்தார். சேர்ந்த புள்ளி அத்தனையும் பூட்டு வித்தைக்கே போட்டார். துப்பாக்கிப் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் அம்மாவை மட்டும் நம்பவேயில்லை. "எங்க இருக்கறா? ஏன் நேர்ல வாரதில்ல? நீ சொல்றதெல்லாம் அவ சொல்றதா, நீயாச் சேத்தறயா?"

"அப்படியே சொல்றனுங்ணா, மாதா சத்தியமா."

கடைசியில் அந்த அம்மா ஒரு கதவைத் திறக்கச் சொன்னது. தான் உள்ளே மாட்டிக்கொண்டதாம், காற்றுத் தீர்ந்துகொண்டிருக்கிறதாம். ஜெரோம் அழுதே காட்டினான். "கால்ல உழுகறனுங்க, சாமி!" இவள் ஏமாற்றுக்காரிதான் என்று பாலுசாமிக்கு உறுதியாகிவிட்டது. கற்ற வித்தையையெல்லாம் கொண்டு அந்தக் கதவை இன்னும் இறுக்கிப் பூட்டிவிட்டு, சுற்று வழியில் கிளம்பினார்.

அந்த வாரம்தான் சென்டருக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. செவ்வந்திக்கு வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். வருகிறாளா என்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

"யாரு பேசுனது?"

"கம்பெனி மேடமுங்ப்பா."

"பாத்திருக்கறயா? வெறும் கொரலக் கேட்டுட்டு மெட்ராஸ் போயிருவியா? எனக்குத் தெளியாம நீ ஊட்டு வாசலத் தாண்டறதில்ல."

செவ்வந்தி அழவில்லை. "நாம் படிச்சதே கொரலக் கேக்கறதுக்குத்தானுங்ப்பா" என்றாள். அவர் கப்பலுக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சென்டரில் பாலுசாமி குழாய்க்குள் தவழ்ந்து தவழ்ந்து, பூட்டிய அறைக்குப் பின்பக்கமாக இறங்கினார். கதவில் சாய்ந்தபடி ஒரு பெண். வெள்ளைக் கோட்டு. அசைவில்லை. பழக்கதோஷத்தில் பையைத் தடவினார். ஆயுதம் இல்லை. ஒரு ஒலிப்பதிவு மட்டும் இருந்தது.

"இதுல என்ன சொல்றா?"

ஜெரோம் தொண்டையைக் கனைத்தான். "அடப்பாவி மனுசா, இப்படிப் பண்ணிப் போட்டீங்களேன்னு..."

"நீ சும்மா இரு. அம்மணி, நீ கேளு."

செவ்வந்தி ஹெட்போனை மாட்டினாள். அந்தப் பதிவைக் கேட்டாள். அந்த அம்மா முன்பு வழி சொன்ன பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டாள்.

"கடைசி வரைக்கும் வழிதானுங்ப்பா சொல்லியிருக்காங்க. கெஞ்சவே இல்ல. 'மேலே வா. கதவத் திற. சீக்கிரம்.' அவ்வளவுதான். சாமி, கால்ல உழுகறேன், எதுவுமே கெடையாது. கொஞ்சம் சிடுசிடுன்னுதான் பேசறாங்க."

பாலுசாமி ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் ஏசியைப் பார்த்தான்.

"ஏந்தம்பி, சிடுசிடுன்னு பேசுன பொம்பளைய நானாடா பூட்டி வெச்சேன்?"

"கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்னு சேத்துனனுங்ணா. மன்னிச்சுக்குங்ணா."

பாலுசாமி மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். கதவில் சாய்ந்திருந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், ஜெரோமின் போனைத் தன் பக்கம் இழுத்தார். "அம்மணி, அந்த மெட்ராஸ் நம்பரப் போடு. இவன் வாயி வேண்டாம். நானே கேக்கறேன்."

மறுமுனையில் எடுத்தார்கள்.

"வணக்கமுங்க, நாஞ் செவ்வந்தியோட அப்பாவுங்க. சாப்ட்டாச்சுங்களா? ஆஸ்டலு எப்படிங்க, கேட்டுல ஆளு..."

"சார், ஹாஸ்டல் இருக்கு, வார்டன் இருக்காங்க, எல்லாம் சேரும்போது குடுக்கற லெட்டர்ல இருக்கு. எனக்கு இன்னும் நெறைய பேருக்குப் பேசணும். வர்றாங்களா, இல்லியா? இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

குரல் வெளியே வரைக்கும் கேட்டது. செவ்வந்தியின் முகம் விழுந்துவிட்டது. பாலுசாமி போனைக் கையால் பொத்தினார்.

"வள்ளுனு உழுகறா" என்றார் மெதுவாக. "சாப்ட்டேன்னுகூடச் சொல்லல. நாணயமான பொம்பளையாட்டத்தான் இருக்குது."

செவ்வந்தி காத்திருக்கவில்லை. போனைப் பிடுங்கி, "மேடம், திங்கக்கிழமை வந்தர்றேன்" என்றாள்.

"இரு கண்ணு, ராத்திரி ஷிப்டுக்கு வேன்ல யாரு ஏத்தி எறக்கறாங்கன்னு ஒரு வார்த்த..."

"அத நீங்களே வந்து பாத்துக்குங்ப்பா" என்று போனை வைத்தாள்.

பாலுசாமி அந்தப் போனை முறைத்தார். பிறகு, மில்லில் லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.