அண்ணியின் முதுகில் பதினொரு பொட்டு

அண்ணிக்கு முதுகு வலி வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மா ஓட்டத்தைச் சொன்னார். அண்ணன் ஸ்கூட்டியைச் சொன்னான். டாக்டர் தசைப்பிடிப்பு என்று சொல்லி, பத்து நாள் ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். காவலர் தேர்வின் உடல்தகுதிச் சுற்றுக்கு அப்போது பதினெட்டு நாள்தான் இருந்தது. எழுத்துத் தேர்வில் அண்ணி ஏற்கெனவே தேறியாகிவிட்டது. நானூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல் எல்லாம் பாக்கி. பத்து நாள் படுத்துக் கிடந்தால் கால் மறந்துவிடும் என்று அண்ணி பயந்தார். அடுத்த முறை என்றால் வயது வரம்பு தாண்டிவிடும்.

எனக்கோ அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். படித்தது இயற்பியல். வேலை அம்பத்தூரில் உதிரிபாகங்களை அளந்து பார்த்து சரி, தவறு சொல்லும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். அளக்காமல் யாராவது காரணம் சொன்னால் எனக்குக் கை அரிக்கும்.

"எப்போ வலிக்குது அண்ணி?"

"எழுந்திரிக்கும்போதுதான் பாப்பா. ரெண்டு ரவுண்டு ஓடினா உட்டுடுது."

"மாங்காட்டுக்கு உங்கம்மா வீட்டுக்குப் போனீங்களே, அங்கே?"

அண்ணி யோசித்தார். "அங்க பாய்ல படுத்தேன். ஒண்ணுமே இல்லியே."

ஓடினால் விடுகிற வலிக்கு ஓட்டம் எப்படிக் காரணமாகும்? எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வலியைப் பார்த்து உற்சாகப்படுவதற்கு அண்ணி என்னை முறைத்தார்.

எங்கள் கோவில்பதாகை வீட்டில் அண்ணனும் அண்ணியும் படுப்பது கல்யாணச் சீராக வந்த கட்டில். அடியில் பெட்டி போல இடம்விட்டு, மேலே பலகை மூடி போட்ட வகை. அதன்மேல் ஆறு அங்குல மெத்தை. கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியும் மெத்தையின் பிளாஸ்டிக் உறையை அம்மா பிரிக்க விடவில்லை. திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம் வரும். மெத்தை தொய்கிறது என்று ஒரே மூச்சில் முடிவு கட்டினேன். வேறு வாங்கலாம் என்று வாயெடுத்ததும் அம்மா கரண்டியோடு வந்துவிட்டார்.

"சீர் மெத்தைய மாத்துறியா? அவங்கப்பா காதுக்குப் போனா இன்னா நினைப்பாரு? மெத்தை மேல பழி போடாதடி."

சரி, பழி போடுவதற்கு முன் அளந்து பார்ப்போம். ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டேன். அண்ணியின் இறுக்கமான ஓட்டப் பயிற்சி பனியன் மேல் முதுகெலும்பை விரலால் தடவித் தடவி, கழுத்திலிருந்து இடுப்பு வரை பதினொரு பொட்டு ஒட்டினேன். அண்ணி ஒருக்களித்துப் படுக்கிறவர். முதலில் தரையில் பாய் போட்டு அப்படியே படுக்கச் சொல்லி, பின்னாலிருந்து போனில் படம் எடுத்தேன். பொட்டுகள் ஏறக்குறைய நேர்கோட்டில் இருந்தன. ஆனால் அண்ணியின் இடை சிறுத்தது, இடுப்பு அகலம். பாய்க்கும் இடைக்கும் நடுவே என் கை நுழைகிற இடைவெளி இருந்தது.

அடுத்து கட்டில். துணி காயப்போட்ட கொடி மாதிரி பொட்டுகள் நடுவில் தொய்யும் என்று எதிர்பார்த்தேன். படத்தைப் பார்த்தால் தலைகீழ். விலா எலும்புக்கு நேரே நாலு பொட்டு ஒட்டகம் மாதிரி எழும்பியிருந்தது. அதற்குக் கீழே இடுப்புப் பொட்டுகள் சரிந்து இறங்கின. மெத்தை அமுங்கும் சரி, எங்கேயாவது எழும்புமா?

அண்ணனை அதே இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்தேன்.

"எப்படிடா இருக்கு?"

"சொகமா கீது. இத்தினி நாள் இந்தப் பக்கம் இவ படுத்துகினு என்னை அந்தப் பக்கம் தள்ளிட்டாளே!"

"இன்னாது, நான் தள்ளினேனா? நீதான் ஜன்னல் பக்கம்தான் வேணும்னு அடம் புடிச்ச."

இது என்னை இன்னும் குழப்பியது. பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மல்லாக்கப் படுத்தால் முதுகின் கீழ்ப்பகுதி மெத்தையைத் தொடாமல் லேசாக வளைந்து நிற்கும். அந்த வெற்றிடத்தில் ஏதோ ஒரு மேடு போய் அண்ணனைத் தாங்கிக்கொண்டிருந்தது. அண்ணியோ தலையணையைக் கீழே இழுத்துப் போட்டு ஒருக்களித்துப் படுக்கிறவர். அதே மேடு அவருடைய விலாவில் முட்டியது. இரண்டு உடம்பு, ஒரே மேடு. ஒருவருக்குத் தலையணை, இன்னொருவருக்குக் கல்.

"எழுந்திருடா, மெத்தையைத் தூக்கணும்."

அண்ணனும் நானும் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தோம். பலகையின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். அது ஒரு கணம் நின்று, இடுப்பு வருகிற பக்கம் உருண்டு, கீழே விழுந்து அலமாரி அடியில் போய்விட்டது. பலகை ஒரு பக்கம் இரண்டு விரல் அளவுக்கு எழும்பி நின்றது. மூடியைத் திறந்தோம். உள்ளே பழைய புடவையில் சுற்றிய சீர்ப் பாத்திரங்கள்: குடம், தாம்பாளம், குத்துவிளக்கு. அவற்றின் நடுவில் பித்தளை அண்டா. அதன் விளிம்பு கட்டில் சட்டத்தைவிட உயரம். ஏழு மாதமாக மூடியை முட்டித் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அம்மா வாசற்படியில் நின்றார். அவற்றை உள்ளே அடுக்கியது அம்மாதான். நசுங்கக் கூடாது, கறுக்கக் கூடாது, யார் கண்ணிலும் படக் கூடாது.

"மூடி சரியா உக்காரல. மேல மெத்தை போட்டா அமுங்கிடும்னு நினைச்சேன்." உள்ளே வந்து மூடியைத் தடவி, "இத்தினி நாளா நான் ஓட்டத்த திட்டிகினு இருந்தேன்" என்றார்.

"அத்த, அத எடுத்து அரிசி கொட்டி வைக்கலாமா?" என்று அண்ணி கேட்டார்.

"சீர் அண்டாலயா?"

"எங்கம்மா குடுத்ததே அதுக்குத்தானே."

அம்மா அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். அண்ணன் மறு காதைப் பிடித்தான்.

அன்றே பிளாஸ்டிக் உறையும் போனது. அதற்கு அம்மா தனியாக முனகினார். மறுபடி பொட்டு, மறுபடி படம். ஒட்டகம் இறங்கிவிட்டது. ஆனால் இடைக்குக் கீழே அந்த இடைவெளி மட்டும் லேசாகத் தெரிந்தது. ஒரு துண்டை நாலாக மடித்துச் செருகினேன். பதினொரு பொட்டும் ஏறக்குறைய வரிசையில் வந்தன. கழுத்தருகே ஒன்று மட்டும் விலகியிருந்தது. நான் ஒட்டியதே கோணலோ என்னவோ.

மறுநாள் காலை வலி இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. ஏமாற்றத்தில் எனக்கே முதுகு வலிக்கும்போல் ஆனது. மூன்றாம் நாள் அண்ணி எழுந்தார், கொண்டை போட்டார், குனிந்து ஷூவில் கயிறு கட்டினார், வாசல் வரை போய்விட்டார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, இன்னிக்கு வலிக்கவே இல்லடி."

டாக்டர் பேச்சையும் அண்ணி முழுதாகத் தள்ளவில்லை. அவரைப் பார்த்த பிறகு அன்று வரை நடைதான், அன்றைக்கும் அரை ஓட்டம்தான். சரிசெய்தது அண்டாவா, துண்டா, உறையைப் பிரித்ததா, ஓய்வா என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். பரிசோதனை செய்கிறவள் செய்யக் கூடாத தவறு அது. துண்டை மட்டும் ஒரு வாரம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"மொதல்ல டெஸ்ட்டு முடியட்டும், மவளே."

தேர்வு நாளன்று மதியம் போன் வந்தது. பின்னால் மைதானத்து இரைச்சல். அண்ணிக்கு மூச்சு இரைத்தது.

"அண்ணி, முதுகு எப்படி இருக்கு?"

"அடியே, பாஸானேனான்னு கேளுடி மொதல்ல!"

கேட்டேன். பாஸ். நீளம் தாண்டுதலில் இரண்டாவது தாவலில்தான் தகுதிக் கோட்டைக் கடந்தாராம். சத்தம் கேட்டு அம்மா அரிசி அளந்துகொண்டிருந்த படியோடு ஓடி வந்தார்.

"இன்னாச்சுடி?"

"பாஸ்மா."

அம்மா படியிலிருந்த அரிசியை மறுபடி அண்டாவில் கொட்டினார். பிறகு பாயசத்துக்குத் தனியாக அளக்க ஆரம்பித்தார்.