சரிவில் எடுத்த அளவு

பேச்சிக்கு இடது கால் வலது காலைவிடச் சுண்டுவிரல் கனம் குட்டை. பக்கத்து வீட்டுக்காரி நான், தினமும் அவள் முகத்தில்தான் விழிக்கிறேன், எனக்கே இது தெரிய வருஷக்கணக்காயிற்று. குன்னூரைச் சுற்றியுள்ள தேயிலை எஸ்டேட்டுகளில் நேராக நடக்கிறவர் யார் இருக்கிறார்கள்? சரிவில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறோம். அந்தச் சாய்வில் அவள் சாய்வு கலந்துபோய்விட்டது.

மலைக்குக் கீழே அன்னூரிலிருந்து மாரிச்சாமி வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். பேச்சி மேல் லைன் வீட்டிலிருந்து காபித் தட்டோடு சரிவில் குறுக்காக இறங்கி வந்திருக்கிறாள். மேட்டுப் பக்கம் இடது பக்கமாக அமைந்துவிட்டது. குட்டைக் கால் மேட்டில், நெட்டைக் கால் பள்ளத்தில். வந்தவர்கள் கண்ணுக்கு நடை கச்சிதம். கல்யாணம் முடிந்து அன்னூர் வீட்டுச் சிமெண்டுத் தரையில் நடந்த அன்றுதான் குட்டு உடைந்தது. "மலைமேல வெச்சு ஏமாத்திப் போட்டாங்க" என்று சபையில் சொன்னாள் மாரிச்சாமியின் அக்கா அங்கம்மா. வாய் இருக்கிறதே சிலருக்கு, அதற்குப் பூட்டுப் போட ஆண்டவர் மறந்துவிடுகிறார்.

மாரிச்சாமி எங்கள் எஸ்டேட்டிலேயே வேலைக்குச் சேர்ந்து இங்கே வந்துவிட்டார். அதன்பிறகு கீழ்நாட்டு விசேஷம் எதற்கும் பேச்சி போனதில்லை. லீவு இல்லை என்பாள், காய்ச்சல் என்பாள். மாரிச்சாமி ஒண்டியாகப் போய் மொய் எழுதிவிட்டு வருவார். தங்கமான மனுஷன், ஆனால் அக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டார்.

இப்படிப்பட்டவள்தான் ஓட ஆரம்பித்தாள். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நட என்றார்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில். நடந்தாள். நடை பத்தாமல் ஓட்டமாயிற்று. விடியக்காலை, கொழுந்தெடுக்கப் போகும் முன் மலையை ஒரு சுற்று. எப்போதும் மலை இடது பக்கம் இருக்கும்படிதான் சுற்றுவாள். எதிர்த்திசையில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. காலுக்குத் தெரியும் எந்தப் பக்கம் மேடு என்று.

போன வருஷம், கோயம்புத்தூரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று போனில் ஒரு செய்தி வந்தது. போகிற வழியைப் பார்த்தால், அங்கம்மா இப்போது குடியிருக்கும் மகன் வீட்டுத் தெருவும் அதில் இருந்தது.  அன்றைக்குச் சாயந்திரம், நான் ஆயாவாக இருக்கும் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கூட்டிக்கொண்டிருந்தேன். பேச்சி வந்து கதவோரம் நின்றாள்.

"அண்ணி வாசல்ல ஒரே ஒருக்கா நேரா ஓடிட்டா போதும் ஜெஸி. அப்பறம் நான் எங்கியும் தலைகுனிய வேண்டியதில்ல."

போடி, போய் ஓடு என்று விரட்டிவிட்டேன்.

எலும்பு டாக்டர் வழி சொன்னார். இடது ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் அட்டை வைத்தால் இரண்டு காலும் சமமாகிவிடும். கடையில் விற்பது மெல்லிசாக இருந்தது. பேச்சி தன் பழைய ஹவாய்ச் செருப்பையே கத்தியால் அறுத்தாள். குதிகால் பக்கம் கனமாகவும் முன்னால் போகப்போக மெல்லிசாகவும் சீவி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துத் துணி டேப் ஒட்டினாள். அட்டை ஏறினால் குதிகால் ஷூவை விட்டு வெளியே வழுக்கும் என்பதால், நாடாவைக் கடைசித் துளைவரை இழுத்துக் கட்டவும் பழகிக்கொண்டாள்.

மாரிச்சாமி தன் பங்குக்குக் கொத்தனாரிடமிருந்து, தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டம் இரவல் வாங்கி வந்தார். லைன் வாசலில் அவளை நிறுத்தி இடுப்பில் அதை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவுக்கு வரும்வரை அடுக்கு ஏறியது. லைனே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. குமிழி நடுவில் நின்றதும் கைதட்டினோம். அட்டையைக் கோயம்புத்தூருக்கென்று புதுப்புடவை மாதிரி பொட்டலம் கட்டி வைத்துவிட்டாள். மலையில் அதற்கு என்ன வேலை?

ஓட்டத்தன்று மைதானத்தில் ஷூவை மாட்டி நாலடி வைத்தாள். இப்போது வலது பக்கம் நொண்டினாள். இடது கால் எகிறிப்போய் நின்றது. ரசமட்டம் பொய் சொல்லாது என்று மாரிச்சாமி அதையே முனகிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வாசலில் பிள்ளைகள் பந்து விளையாடினால் பந்து எப்போதும் ஒரே சாக்கடைக்குத்தான் உருளும். மலையில் இருக்கிறதிலேயே அதுதான் சமதரை என்பதால் அது சரிவு என்கிற நினைப்பே எங்களில் ஒருத்தருக்கும் வரவில்லை. அளவெடுக்க அவள் நின்றபோது இடது கால் பள்ளத்துப் பக்கம் இருந்திருக்கிறது. காலுக்கு வைத்த அட்டையோடு வாசலின் பள்ளத்துக்கும் சேர்த்து வைத்துவிட்டோம். அடக் கடவுளே, ஊரே கூடிச் செய்த முட்டாள்தனம்.

பேச்சி பதறவில்லை. தரையில் உட்கார்ந்து டேப்பைக் கிழித்து ஓர் அடுக்கை உருவி எறிந்தாள். நடந்து பார்த்தாள். இன்னொன்றையும் உருவினாள். மறுபடி நடந்தாள். நாடாவை இறுக்கிக்கொண்டு, "நீங்க அண்ணி ஊட்டுக்குப் போயிருங்க" என்றாள்.

நானும் மாரிச்சாமியும் ஆட்டோ பிடித்துப் போனோம். பேச்சி ஓடி வருகிறாள் என்றோம். அங்கம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு நிறையக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சி வந்தாள். எங்களைப் பார்க்காமல், முகத்தை நேராக வைத்துக்கொண்டு, கேட்டை ஒட்டியே ஓடிப்போனாள். நான் கையைத் தூக்கிக் காட்டுவதற்குள் தாண்டிவிட்டாள். அங்கம்மா இன்னமும் கூட்டத்தின் கால்களையே துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க ஜெஸிந்தா, நொண்டிக்கிட்டு ஒருத்தியும் வரக் காணமே?"

பேச்சி காதில் அது விழுந்திருக்க வேண்டும். ஓடுகிறவர்களுக்குக் குறுக்கே புகுந்து திரும்பி வந்தாள்.

"அண்ணி, நாந்தானுங்க. பேச்சி."

அங்கம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். அந்தப் பொல்லாத வாயாலேயே, "நிக்காத சாமி, ஓடு" என்றாள். பேச்சி சிரித்துக்கொண்டே ஓடினாள். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? மாரிச்சாமியும்தான் அழுதார். கண்ணில் தூசி என்றார்.

ஓட்டத்தை முடித்துக் கழுத்தில் பதக்கத்தோடு ஊருக்கு வந்தாள். அடுத்த வாரமே அங்கம்மாவிடமிருந்து போன். முழங்கால் வலியாம், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாளாம். அதே மாதிரி ஓர் அட்டை வேண்டுமாம். குன்னூருக்கு வந்து அளவு கொடுக்கட்டுமா என்று கேட்டாள்.

பேச்சி எங்கள் வாசலை ஒருமுறை பார்த்தாள்.

"இங்க எடுத்தா அளவு சரியா வராதுங்க அண்ணி. நானே அங்க வர்றனுங்க."