ராஜராஜனுக்குப் போட்ட ப்ராக்ஸி

இது நடந்தது. ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். பேய் என்றால் பன்னிரண்டு மணி, நாய் ஊளை, மல்லிகை வாசம் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். பன்னிரண்டு மணி உண்டு, ஆனால் பகல் பன்னிரண்டு. வாசமும் உண்டு, மல்லிகை இல்லை. குணசேகரன் இதை இரண்டு விசாரணைகளில் சொல்லிவிட்டான். இரண்டிலும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

குணசேகரனுக்கு நன்னிலம். உல்லாசக் கப்பலில் சாப்பாடு பரிமாறும் வேலை. போன பிப்ரவரியில் சென்னையில் ஒரு கப்பலை விட்டு இறங்கினான். மறுநாள் காலை பத்து மணிக்குள் கொச்சியில் இன்னொரு கப்பலில் ஏற வேண்டும். நடுவில் இருந்தது ரயில். எழும்பூரிலிருந்து தஞ்சாவூர் வரை பகல் வண்டி, அங்கிருந்து சாயங்காலம் எர்ணாகுளம் வண்டி. டி4 பெட்டி, இருக்கை 47, ஜன்னலோரம்.

கொச்சிக் கப்பலில் அவனுக்கு மேற்பார்வையாளர் பதவி. அதைவிடப் பெரிய விஷயம், பழைய கேபினில் காலியாகக் கிடந்த மேல் கட்டிலை இனிப் பார்க்க வேண்டியதில்லை. அது ராஜராஜனுடையது.

அவனுக்கும் நன்னிலம்தான். இரண்டு பேரும் தஞ்சாவூரில் கேட்டரிங் படித்தார்கள். மூன்று வருஷமும் ஒரே பெஞ்சு. ஒருத்தன் ரூமில் தூங்கினால் இன்னொருத்தன் குரலை மாற்றி ‘ப்ரெசென்ட் சார்’ சொல்லிவிடுவான். ப்ராக்ஸி என்று பேர், சான்றிதழில் வராத பாடம். ஆனால் இருவரும் உண்மையாகவே தேறிய பாடம் அது ஒன்றுதான்.

அந்தப் பிப்ரவரிக்கு முந்தின ஆகஸ்டில் ஒரு நாள், கப்பல் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. காலை பத்தரைக்கு ஆபத்துக்கால ட்ரில். எல்லோரும் மிதவை அங்கி மாட்டி வரிசையில் நிற்க, ஒலிபெருக்கியில் பேர் வாசித்தார்கள். ராஜராஜன் வரவில்லை. விடியற்காலை வேலை முடித்து எங்கேயாவது தூங்குவான் என்று நினைத்து, அவன் பேர் வந்ததும் குணசேகரன் அவன் குரலில் ‘ப்ரெசென்ட் சார்’ என்றான். வாசித்தவர் நிமிரவில்லை.

நாலு மணிக்குத்தான் ஆளைக் காணவில்லை என்று தெரிந்தது. கப்பல் அதற்குள் அறுபது மைல் போயிருந்தது. உடல் கிடைக்கவில்லை. பத்தரைக்கு உயிரோடு இருந்தான் என்று ஏடு சொன்னது. அப்படியானால் விடியற்காலை இருட்டில் ஈரத் தளத்தில் வழுக்கி விழுந்திருக்க முடியாது. நல்ல வெளிச்சத்தில் தானே குதித்தான். தற்கொலை என்று எழுதி மூடினார்கள். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ராஜராஜனின் தங்கை கலைமகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனது.

துக்கம் கேட்கப் போன குணசேகரனிடம் ராஜராஜனின் அம்மா ஆனந்தவல்லி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அன்னிக்குக் காலையில அவனப் பாத்தியா குணா?”

“பாத்தேம்மா. ட்ரில்லுக்கு வந்தானே.”

முதல் ப்ராக்ஸியைக் காப்பாற்ற இரண்டாவது.

சரி, ரயிலுக்கு வருவோம்.

காலை 8.25. செங்கல்பட்டு தாண்டியிருந்தது. குணசேகரன் முகம் கழுவிவிட்டு வந்தபோது டிக்கெட் பரிசோதகர் அவன் வரிசையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

“சார், நாப்பத்தேழு.”

“டிக் பண்ணியாச்சே.”

“நான் இப்பத்தான் வரேன் சார்.”

பக்கத்து இருக்கையில் தங்கமணி என்று ஒரு அம்மாள். திருக்கடையூரில் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணமாம், மடியில் மாலைக் கூடை. அவர் சிரித்தார். “பேரு கேட்டாரு. ‘குணசேகரன் ப்ரெசென்ட் சார்’னு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் சொன்னீங்களே தம்பி.”

அவன் உட்கார்ந்தான். இருக்கை ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தான். உப்பு வாடை.

11.05. சிதம்பரம். கொச்சியில் ஆட்களைக் கப்பலேற்றும் ஏஜென்ட் தியாகராசனுக்கு போன் போட்டான், வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல.

“விளையாடுறியாப்பா? வரலைன்னு இப்பத்தான சொன்ன?”

“எப்ப சார்?”

“பத்து நிமிஷம் ஆகல. ‘வேற ஆளப் போட்டுக்கங்க, எனக்கு நன்னிலத்துல ஒரு வேலை இருக்கு’ன்ன.”

“நான் பேசல சார்.”

“உன் நம்பர். உன் குரல். காலையிலயே குடிச்சிருக்கியா?”

கெஞ்சினான். நாளைக்குப் பத்து மணி, ஒரு நிமிஷம் தாண்டினாலும் இல்லை என்று அவர் வைத்துவிட்டார். குணசேகரன் தன் போனில் தேடிப் பார்த்தான். அப்படி ஒரு அழைப்பு போகவே இல்லை.

11.48. மயிலாடுதுறை. தங்கமணி கூடையோடு எழுந்தார். “சட்டைய மாத்திக்கங்க தம்பி. இவ்ளோ ஈரத்தோட உக்காந்திருந்தா சளி புடிச்சிக்கும்.”

அவன் சட்டை காய்ந்துதான் இருந்தது.

12.38. கும்பகோணம் தாண்டிவிட்டது. வெளியே அறுவடை முடிந்த தாளடி வயல், இடையில் உளுந்து பச்சை. மணி பார்க்கப் போனை எடுத்தான். விரல் வைத்தான்… திறக்கவில்லை. வேறு விரல்… திறக்கவில்லை.

விரலைத் திருப்பிப் பார்த்தான்.

பத்து விரல் நுனியும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மணிக்கணக்காகத் தண்ணீரில் ஊறிய விரல்கள்.

எழுந்து கதவோரம் ஓடினான். வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். சுருக்கம் போகவில்லை.

1.07. பெட்டிக்குள் திரும்பிப் பார்த்தான்.

47-ல் ஆள்.

முதுகு மட்டும் தெரிந்தது. அவனுடைய அதே நீலச் சட்டை. சொட்டச் சொட்ட.

காதில் போன்.

குணசேகரனின் போன் குணசேகரன் கையில் இருந்தது.

“கலை… நான்தான்… குணா அண்ணன்…”

அவனுடைய குரல்.

தண்டவாளச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

கத்தப் பார்த்தான்.

வாயில் உப்புத் தண்ணீர்.

1.31. தஞ்சாவூர். வண்டி நிற்பதற்குள் குதித்தான். அவனுக்குள் ஓடியது ஒரே கணக்கு: நன்னிலம் போய், ‘யாரோ என் குரலில் பேசியிருக்கிறார்கள், இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரே பேசும்’ என்று சொல்லிவிட்டு, திருவாரூரிலேயே அதே எர்ணாகுளம் வண்டியைப் பிடித்துவிடலாம். பயத்திலும் அவன் உண்மையைச் சொல்லப் போகவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4.20. நன்னிலம். கலைமகள் வாங்க என்று சொல்லவில்லை. அவள் போன் எல்லா அழைப்பையும் தானே பதிவு செய்யும். மேஜையில் வைத்து ஓடவிட்டாள். 1.07 முதல் 1.31 வரை. அவன் நம்பர்.

“ட்ரில்லுக்கு அவன் வரல கலை. அவன் குரல்ல நான்தான் ப்ரெசென்ட் சொன்னேன்.”

இதுவரை குணசேகரனுக்குத் தெரிந்தது.

“நாலு அம்பதுக்கே விழுந்துட்டான். முன்பக்கம் நீந்தி வந்து நங்கூரச் சங்கிலியப் புடிச்சான். கை வழுக்கக் கூடாதுன்னு ஏப்ரனால சங்கிலியோட சேத்துக் கட்டிக்கிட்டான். அஞ்சரை மணி நேரம். கத்துனது யாருக்கும் கேக்கல. மேல பேர் வாசிச்சது அவனுக்குக் கேட்டுச்சு. நம்ம பேர் வரும், ஆளில்லன்னு தெரியும், தேடுவாங்கன்னு காத்திருந்தான்…”

கலைமகள் சத்தத்தைக் கூட்டினாள்.

“அவன் குரல்லயே பதில் வந்துச்சு. பதினோரு மணிக்குச் சங்கிலிய மேல இழுத்தாங்க.”

ஆனந்தவல்லி நிமிர்ந்தார். “இது உன் குரல்தான குணா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“ஆமாம்மா.”

அதைச் சொன்னது தானா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

கலைமகள் புகார் கொடுத்தாள். ஏப்ரலில் அந்தக் கப்பலில் சங்கிலி சுருளும் அறையைத் திறந்து பார்த்தார்கள். அடியில் ஒரு ஏப்ரன், மூன்று முடிச்சோடு. பேர் வில்லை துருப்பிடித்திருந்தது, எழுத்து படிக்க முடிந்தது. ஏட்டில் தற்கொலையை அடித்து விபத்து என்று திருத்தினார்கள். நின்றுபோன சம்பந்தக்காரர்கள் மறுபடி வந்தார்கள். கலைமகள் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

குணசேகரன் இனிக் கப்பல் ஏற முடியாது. அது சின்ன விஷயம். இரண்டு விசாரணையிலும் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: சங்கிலியும் முடிச்சும் உனக்கு எப்படித் தெரியும்? மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாயா? அவனிடம் இருக்கும் ஒரே பதில், நாற்பத்தேழாம் இருக்கை.

போன வாரம் குரல் ஆய்வு அறிக்கை வந்தது. குரல் சந்தேகமில்லாமல் குணசேகரனுடையது. கீழே ஒரு குறிப்பு: இருபத்து நாலு நிமிடப் பதிவில் ரயில் சத்தம் எங்கும் இல்லை. பின்னணியில் அலை. நடுநடுவே, இரும்பில் இரும்பு உரசும் சத்தம்.