பூட்டி வைத்த ஊசியும் ஓர் எள்ளுருண்டையும்

பள்ளிக்கூட நர்ஸ் வேலை என்பது, கணக்குப் பரீட்சை அன்று மட்டும் வருகிற வயிற்றுவலிகளை நம்புவதுபோல் நடிக்கிற வேலை. பம்பாயில் பாண்டுப்பிலிருந்து மாட்டுங்காவுக்கு லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து இதைச் செய்கிறேன். உங்கள் பள்ளியிலும் நிஜ ஆபத்தோடு ஒரு பிள்ளை இருந்தால் என் கஷ்டம் புரியும். எனக்கு வாய்த்தவன் முத்துராஜ். மூன்றாம் வகுப்பு, தாராவிப் பையன். வேர்க்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும்.

விரதச் சாப்பாடு

கேன்டீன் நடத்தும் மணி மாமா தங்கமான மனுஷர். கடலை போட்டது ஏதாவது உண்டா என்று தினமும் அவரிடம் கேட்பேன். ஒரு சங்கடஹர சதுர்த்தி அன்றும் கேட்டேன். ஒன்றும் இல்லை, வெறும் ஜவ்வரிசிக் கிச்சடிதான் என்றார். பம்பாயில் விரதக் கிச்சடி என்றால் அதில் வேர்க்கடலைப் பொடியைக் கொட்டியிருப்பார்கள். முத்துராஜ் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போய் தட்டைப் பிடுங்கினேன். மாமாவுக்குக் கோபமே வரவில்லை, வருத்தம்தான்.

"கிச்சடியில கடலை இருக்கும்னு ஊருக்கே தெரியுமேம்மா, அதை வேற தனியாச் சொல்லணுமா?"

பத்திரமான இடம்

முத்துராஜின் சித்தப்பா துபாயிலிருந்து அட்ரினலின் ஊசி ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். தடித்த பேனா மாதிரி இருக்கும். மூச்சு முட்டினால் உடனே தொடையில் வைத்து அழுத்த வேண்டும். பிரின்சிபால் மேடம் அதை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் கைப்பையில். கைப்பை தினமும் அவரோடு முலுண்டு வீட்டுக்குப் போய்வரும். நீங்கள் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அவசரம்னா ஒரு போன் பண்ணுங்க சிஸ்டர், உடனே டாக்ஸி பிடிச்சு வந்துடறேன்."

வாங்கிக்கோ, இனிப்பாகப் பேசு

மறுநாள் பீரோ திறந்திருந்த நேரம் பார்த்து ஊசியை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் காலி டப்பாவை மட்டும் மேடத்துக்கே விட்டுவிட்டேன்.

சங்கராந்தி வந்தது. இங்கே அன்று எள்ளுருண்டை கொடுத்து, வாங்கிக்கொள், இனிப்பாகப் பேசு என்பார்கள். மறுத்தால் உறவை முறித்த மாதிரி. எள்தானே என்று வகுப்பு டீச்சர் ஆளுக்கொன்று கொடுத்தார். கடைக்காரர் எள்ளோடு கடலையும் சேர்த்து இடித்திருந்தார். முத்துராஜை என் அறைக்குத் தூக்கி வந்தபோது உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது. கால்சட்டைக்கு மேலேயே தொடையில் ஊசியை அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு சீராகத் தொடங்கியது.

வெளியே யார் எது கொடுத்தாலும் வாங்காதே என்று சொல்லியிருக்கிறேனே, ஏன்டா தின்றாய் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டேன்.

"வேண்டாம்னா டீச்சர் என்கூட கட்டின்னு காய் விட்டிருவாங்கல்லா சிஸ்டர், பெறவு பேசவே மாட்டாங்கல்லா?"

விசாரணை

மறுநாள் மேடம் பீரோவிலிருந்த டப்பா காலி என்று கண்டுபிடித்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றதும் நிஜமாகவே கண் கலங்கினார். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். 

"அது சரி சிஸ்டர், என்னைக் கேட்காம ஊசியை வெளியில எடுத்துட்டீங்களே, ஏதாவது அவசரம்னா என்ன பண்ணியிருப்போம்?"

பிள்ளையைக் காப்பாற்றுவது ஒரு நிமிட வேலைதான், அதற்கு முன்னால் மருந்தைப் பெரியவர்களிடமிருந்து காப்பாற்றி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.