திருப்பித் தராத மாஸ்க்

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் இராஜபாளையம் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வண்டி இன்னும் கிளம்பவில்லை. என்னிடம் இங்கிலீஷ் படித்த செல்வி ஃபோன் செய்தாள். "டீச்சர், புஷ்பம் அக்கா போயிட்டாவ. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டு வாராவ" என்றாள். நான் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் புறப்பட்டிருந்தேன். இரண்டு நாளைக்கு முன் அக்கா கேட்டிருந்த கோடு போட்ட நோட்டு என் பையில் இருந்தது. மூக்கில் குழாயோடு படுத்திருந்த மனுஷி, பழைய நோட்டு தீர்ந்துவிட்டது என்று புது நோட்டு கேட்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் ஃபோனில் சத்தமாகப் பாட்டு வைத்ததற்கு அவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்? நான் எரிந்து விழ வேண்டிய ஆட்கள் வேறு. அந்த ஆட்களில் முதல் ஆள் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்பே அவர் வேலை பார்த்த கட்டுத்துணிக் கம்பெனி வந்துவிட்டிருந்தது. ஆளுயர மாலை. வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். அடையாள அட்டையில் இருந்த அக்காவின் படத்தைப் பெரிதாக்கி, அதன் கீழே "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று போட்டிருந்தார்கள். மேனேஜர் வெள்ளைச் சட்டையில் கைகட்டி நின்றார். ஜெபம் சொன்ன சாமியார், அமைதியே உருவான சகோதரி என்றார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அமைதியா? நம் அக்காவா? சனிக்கிழமை வகுப்பில் அக்காவோடு உட்கார்ந்த உங்கள் பதினோரு பேருக்கும் அவர் யாரென்று தெரியும்.

முப்பதாம் நாள் பூசைக்கு நாங்கள் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறோம், நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று செல்வி கேட்டாள். மன்னித்துக்கொள் செல்வி. இது நாலு வரியும் இல்லை, நல்லதாகவும் வராது.

நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள் மேனேஜர் என் டுடோரியலுக்கு வந்தார். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் ஒருவர் பார்வையிட வருகிறார், பெண்களிடம் நேராகப் பேசுவார், அதற்குள் எட்டு சனிக்கிழமை வகுப்பு எடுத்து இங்கிலீஷ் பேச வைக்க வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காயத்துக்குக் கட்டும் துணியை மடித்து அடுக்கும் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கக் கூப்பிடுகிறார்களே, எவ்வளவு நல்ல கம்பெனி என்று வீட்டில் பெருமை பேசினேன். கையில் ஒரு தாள் கொடுத்தார். அதில் பதினான்கு கேள்வியும் பதினான்கு பதிலும் டைப் அடித்திருந்தது. அந்தத் தாளை அன்றே சரியாகப் படித்திருக்க வேண்டும். நான் அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

கேன்டீனில் வகுப்பு. பன்னிரண்டு பேர். அக்காவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு நின்றவர், மடிப்பு மேசையில் இருபத்திரண்டு வருஷம். முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று பலகையில் எழுதி, வழக்கம்போல அரிசி, பால், சர்க்கரை என்று ஆரம்பித்தேன். அக்கா கையைத் தூக்கினார். "டீச்சர், அரிசியும் பாலும் வீட்டுல கெடக்கட்டும். இங்க இருக்கத வச்சுச் சொல்லுங்க" என்றார். சொன்னதோடு நிற்காமல் எழுந்து போய், கத்தரிக்கோல், கட்டுத்துணிச் சுருள், ஒரு பிடி பஞ்சு, ஸ்டூல் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அங்கேதான் சண்டை வந்தது. எல்லோரும் ஒரே குரலில் "டூ காட்டன், த்ரீ காட்டன்" என்றீர்கள். தப்பு, பஞ்சை அப்படி எண்ணக் கூடாது என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பஞ்சுச் சுருளுக்கு உங்கள் பகுதியில் பெயரே காட்டன்தான். அந்தப் பக்கம் பத்து காட்டன் ஏத்து, இந்தப் பக்கம் நாலு காட்டன் இறக்கு என்றுதான் நாள் முழுக்கப் பேச்சு. "புஸ்தகம் எழுதுனவரு நம்ம லோடு ஏத்துற எடத்துக்கு வந்ததில்ல போல" என்றார் அக்கா. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ரோல் என்ற சொல்லைச் சேர்த்துச் சேர்த்து வாக்கியம் எழுதிக் கொண்டுவந்தார். மெனி எங்கே வரும், மச் எங்கே வரும் என்று இரண்டு பத்தி பிரித்திருந்தார். மெனி பக்கம் ஸ்டூல், கத்தரி, நாள், மணி. மச் பக்கம் பஞ்சு, தண்ணீர், வெக்கை, தூசி. பன்னிரண்டு பேரில் முதலில் தப்பில்லாமல் எழுதியது அவர்தான்.

ஐந்தாவது வாரம் அந்தத் தாளை எடுத்தோம். உங்களுக்கு மாஸ்க் கொடுக்கிறார்களா என்பது ஏழாவது கேள்வி. ஆம் மேடம், எங்களுக்கு நிறைய மாஸ்க் கொடுக்கிறார்கள் என்பது பதில். பதினோரு பேரும் சொன்னீர்கள். அக்கா சொல்லவில்லை. அவர் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். வெளியாள் பார்வையிட வரும் நாள் காலையில் ஸ்டோர் அலமாரியைத் திறந்து, வால்வு வைத்த நல்ல மாஸ்க் ஆளுக்கு ஒன்று தருவார்கள். வந்தவர் கார் ஏறியதும் சாயந்தரம் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்து எண்ணி வாங்கிக்கொள்வார்கள். துவைத்துக் காயவைத்து, அடுத்தவர் வருகிற வரைக்கும் பூட்டி வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் முந்தானைதான் மாஸ்க்.

"அப்பம் இது பொய்தான டீச்சர்?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இலக்கணப்படி சரியாக இருக்கிறது அக்கா, அதைப் பாருங்கள் என்றேன். "அவிய எழுதித் தந்ததச் சொல்லுததுக்கு நான் எதுக்கு? ஒரு டேப்பு வாங்கி வச்சாப் போதுமே" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு எட்டாவது கேள்விக்குப் போனேன்.

பார்வையிட வந்த நாள் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ஆனால் மேசைக்குப் பக்கத்தில் நடந்ததைக் கேட்டவர்கள் நாலைந்து பேர்தான். அந்த வெளிநாட்டு அம்மாள் செல்வியிடம் ஏழாவது கேள்வியைக் கேட்டார். செல்வி தாளில் இருந்ததைச் சொன்னாள். அடுத்து அக்கா. அவர் மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டு, அவசரமே இல்லாமல், இங்கிலீஷில் சொன்னார். இன்று மாஸ்க் இருக்கிறது மேடம். சாயந்தரம் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பல நாள் மாஸ்க் கிடையாது. தூசி அதிகம். இவ்வளவுதான். அத்தனையும் அவரே கோத்த வாக்கியம். தாளில் இருந்து ஒரு சொல்கூட எடுக்கவில்லை.

அந்த அம்மாள் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, இவர்களுக்கு இப்போதுதான் இங்கிலீஷ் சொல்லித் தருகிறோம், குழப்பிக்கொள்கிறார்கள், இதோ டீச்சரே இருக்கிறார் என்று என்னைக் கை காட்டினார். அந்த அம்மாள் என்னிடம் கேட்டார், இவர் என்ன சொல்ல வருகிறார் என்று. அக்காவும் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. என் டீச்சர் இருக்கிறார், அவர் சொல்வார் என்ற நம்பிக்கைதான் இருந்தது. நான் சொன்னேன்: அவர் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார் மேடம், காலங்களை மாற்றிச் சொல்லிவிட்டார், அது முன்பு இருந்த நிலைமை.

அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார். இதை நான் நாலு வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. வாத்தியார் வேலை பார்க்கிறவள், சரியாக எழுதிய விடைக்குத் தப்பு என்று கோடு போட்டேன். அதுவும் அந்த மனுஷி கண் முன்னாலேயே. என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அக்காவை மடிப்பு மேசையில் இருந்து எடுத்துப் பஞ்சு அடிக்கிற பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே பறக்கும் தூசியில் பட்டப்பகலில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை என்று சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை நிறைவு வகுப்பு வைத்து எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா மட்டும் நின்றார். தலைமுடியெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு. "அன்னைக்கு நான் சொன்னதுல தப்பு இருந்தா திருத்துங்க டீச்சர்" என்று நோட்டை நீட்டினார். அந்த வாக்கியங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். பார்த்தேன், ஒன்றும் தப்பில்லை அக்கா என்றேன். "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேருந்து ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்டார், என் டுடோரியலுக்கு. மாடிப்படியில் விறுவிறுவென ஏறினார். அன்று பேசிய பேச்சுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க பயந்துட்டீய. எனக்கும்தான் கை வெடவெடன்னு நடுங்குச்சு. பயத்தோடயே சொல்லலாம் டீச்சர், அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். பிறகு நோட்டைத் திறந்து, சரி, அடுத்த பாடம் என்றார். நாலு வருஷம், மழை வெயில் பார்க்காமல் வந்தார். எனக்கு மன்னிப்புக் கிடைத்ததா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வருஷம் பன்னிரண்டு படிக்கும் ஒரே மூச்சில் ஏறுவார். இரண்டாம் வருஷம் பாதியில் ஒருமுறை நிற்பார். போன வருஷம் வகுப்பைக் கீழே, பூட்டிக் கிடந்த கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு நடத்தினேன். நான் ஒரு பெட்டி மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். மாஸ்க் போட்டால் வேலை மெதுவாகிறது என்று கழற்றச் சொன்னார்களாம். எந்தத் தூசி எந்த நுரையீரலுக்குள் போய் என்ன செய்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் மடிப்பு மேசையில் இருந்தவரை, பிறகு அவரை விடாமல் வாட்டிய அந்த இருமல் இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மேசையில் இருந்து அவரைத் தூக்கியது மேனேஜர். தூக்க முடிந்தது என் பதிலால்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது தலையணைக்கு அடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு மாஸ்க். வால்வு வைத்தது. பார்வையிட வந்த அன்று சாயந்தரம் கூடையில் ஒன்று குறைந்தது என்று ஸ்டோர்காரர் எல்லோர் பையையும் கொட்டிப் பார்த்தாரே, நினைவிருக்கிறதா? அந்த மாஸ்க்தான். சோற்று டப்பாவுக்குள் வைத்து மூடி, கொண்டுபோயிருக்கிறார். "அந்த மேடம் திரும்ப வந்தா காமிங்க டீச்சர்" என்றார். அதற்குமேல் பேச மூச்சு இல்லை. நோட்டு வேண்டும் என்று சைகையில்தான் கேட்டார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு வந்தபோது மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய செருப்பில் அக்காவுக்குப் போட்ட மண் இன்னும் ஒட்டியிருந்தது. "ரெண்டு மாசத்துல அந்த மேடம் திரும்ப வாராங்க டீச்சர். போன தடவ மாதிரியே எட்டு சனிக்கிழமை எடுத்துருங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் அங்கே சொல்ல முடிந்தது. யோசித்துவிட்டேன், ஐயா. இந்தக் கட்டுரைதான் என் பதில்.

இதைப் படித்த பிறகு அவர் என்னை உள்ளே விடமாட்டார். நல்லது, கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். அந்த அம்மாள் வரும் நாள் உங்கள் கைக்கு மாஸ்க் வரும் காலையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். யாராவது ஒருத்தி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், போதும். உங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், எனக்குத் தெரியும். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். திறக்க வேண்டிய வாய் என்னுடையது.

அக்காவிடம் இருந்து எனக்கு மிஞ்சியது இந்த மாஸ்க்கும், அவர் எழுதாமல் போன இந்த நோட்டும். முதல் பக்கத்தில் நான் அன்று சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன். மேடம், நாலு வருஷத்துக்கு முன் இவர் என்ன சொல்ல வருகிறார் என்று என்னிடம் கேட்டீர்கள். நான் பொய் சொன்னேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. தினமும் காலையில் அதைச் சத்தமாகப் படித்துப் பழகுகிறேன். கை நடுங்கத்தான் செய்கிறது.