டிக்கெட் எண் 14371

நம்ப வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. ஆனால் இது நடந்தது. என் மகள் காயத்ரிக்கு நடந்தது. எங்கள் குடும்பத்தில் பேய் பிசாசு பேசுகிறவர்கள் கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர்களும் கிடையாது. ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் வீரராகவன் வீட்டு வாய்ச்சொல் என்றால் சீட்டு எழுதாமலே நெல் மூட்டையை ஏற்றி அனுப்புவார்கள். அந்தப் பேர் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற ஒரு பிரஸ் கம்பெனி. பேர் வேண்டாம். காயத்ரி அங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் அண்ணன் மோகன்ராஜ் அதே கம்பெனியில் ஃபிட்டராக இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் 18, பிற்பகல் 2.58க்கு, நாலாம் நம்பர் பிரஸ் அவன் மேல் இறங்கியது.

அங்கே ஒரு முறை உண்டு. மெஷின் பழுதானால் ஃபிட்டர் முதலில் கம்ப்யூட்டரில் டிக்கெட் எழுத வேண்டும். எழுதத் தொடங்கியதுமே திரையில் ஓர் எண் விழும். எழுதி முடித்துப் பதிந்தால் சுவிட்ச் அறைக்குத் தகவல் போகும். அவர்கள் மெயினை அணைப்பார்கள். அதற்குப் பிறகுதான் மெஷினுக்குள் கை வைக்கலாம். மோகன்ராஜ் டிக்கெட்டே எழுதவில்லை என்றது விசாரணை அறிக்கை. 'விதியை மதிக்காதவர்' என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லித்தான் இரண்டு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இந்த வருடம் அந்த டிக்கெட் சிஸ்டத்தைப் புது வெர்ஷனுக்கு மாற்ற முடிவானது. சர்வர் வெளியூரில் எங்கேயோ இல்லை. ஸ்டோருக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத சின்ன அறையில் இருந்தது. வேலை நாளில் அதை நெடுநேரம் நிறுத்த முடியாது என்பதால் ஆயுத பூஜை நாளைக் குறித்தார்கள். காயத்ரி தானாகவே கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டாள். பழையது போவதற்குள் அண்ணன் எழுதியது அதில் எங்காவது கிடைக்காதா என்ற ஆசை அவளுக்கு.

பதினொன்றரைக்குப் பூஜை முடிந்தது. பிரஸ், லேத், ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சர்வர் பெட்டிக்கும் ஒரு பொட்டு. பூஜை போட்டதை மறுநாள் காலை வரை யாரும் தொடமாட்டார்கள். எலெக்ட்ரீஷியன் பரசுராமனிடம் காயத்ரி சொல்லி வைத்தாள்: எல்லா லைனையும் அணைத்துக்கொள், சர்வர் லைனை மட்டும் விட்டுவிடு. அவனும் தலையை ஆட்டினான்.

கேட்டில் வாட்ச்மேன் சாலமோன் அவளுடைய போனை வாங்கி டப்பாவில் போட்டார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது.

"இன்னாமா, எல்லாரும் பொரி தின்னுக்கினு ஊட்டுக்குப் போறாங்க. நீ உள்ள போற?"

"கம்ப்யூட்டருக்கு லீவு கிடையாதுண்ணே."

"அதுக்கும்தான் பொட்டு வெச்சிகீறாங்க. உங்காளுங்க தொட மாட்டாங்களே?"

"உங்க சர்ச்சுல கம்ப்யூட்டர் இல்லியா?"

"கீது. அது ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வேலை செய்யும். அதுக்கு விவரம் ஜாஸ்தி."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கையில் பொரிப் பொட்டலம்.

1.10க்குப் பழைய தகவல் முழுவதையும் நகல் எடுக்கத் தொடங்கினாள். 1.55க்கு அது முடிந்தது. மொத்தம் 21,606 டிக்கெட்டுகள். அண்ணன் பேரைப் போட்டுத் தேடினாள். அவன் எழுதியவை 340 இருந்தன. எல்லாமே 'பார்த்துச் சொல்லவும்' என்றுதான் முடியும். அது அவன் பழக்கம். ஆகஸ்ட் 18 தேதியில் மட்டும் ஒன்றும் இல்லை.

2.05. வெளியிலிருந்து யாரும் சிஸ்டத்துக்குள் வரக் கூடாது என்று நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைத்தாள். பிறகு மாற்றத்தைத் தொடங்கினாள். டிக்கெட்டுகள் ஒவ்வொன்றாகப் புது வெர்ஷனுக்குப் போக, திரையில் எண்கள் ஓடின.

2.19. எண்கள் நின்றன.

14,371.

அதன் கீழே ஒரு வரி. 'இந்த டிக்கெட்டை வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். முடியும்வரை காத்திருக்கவும்.'

பிடுங்கிய கேபிள் அவள் கண்ணெதிரே தரையில் கிடந்தது. நகலைத் திறந்து பார்த்தாள். 14,370க்கு அடுத்தது 14,372. நடுவில் அப்படி ஓர் எண்ணே இல்லை. முந்தையதும் பிந்தையதும் ஒரே தேதி. ஆகஸ்ட் 18.

எழுதுபவர் யார் என்று சிஸ்டத்தில் தேடினாள்.

மோகன்ராஜ்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அவன் சிஸ்டத்துக்குள் நுழையும் கணக்கைப் பூட்டியவளே அவள்தான்.

2.26. விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. காலடியில் யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. பீப்... பீப்... அது அதிகம் போனால் இருபது நிமிடம் தாங்கும். இன்டர்காமை எடுத்தாள்.

"அண்ணே, கரண்ட் போய்டுச்சு. பரசு எங்க?"

"பூட்டிக்கினு போய்ட்டாம்மா. வருசா வருசம் பூஜையன்னிக்கு ஊட்டுக்குப் போறச்ச மெயினை இறக்கிப் பூட்டறவன், இன்னிக்கும் பழக்கத்துல பூட்டிட்டான். பெரியபாளையம் பஸ்ஸு ஏறியிருப்பான்."

"பூட்டை உடைங்கண்ணே."

"மெயின் பேனல்மா. உடைச்சா நாளைக்கு நான் எங்க போய் நிப்பேன்? போன் போட்டுப் பாக்கறேன், இரு." சற்று நிறுத்தினார். "அது சரி... நாலாம் நம்பர் இன்னாத்துக்கு ஓடுது?"

"கரண்டே இல்லியேண்ணே."

"அதான் கேக்கறேன்."

அப்போதுதான் அவளுக்கும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம். பிரஸ் ஏறி இறங்கும் சத்தம்.

தொம்...

நாற்பது விநாடி.

தொம்...

2.33. திரையில் காலிப் பெட்டி ஒன்று திறந்தது. அதில் எழுத்துகள் விழுந்தன. ஒவ்வொன்றாக. இரண்டு விரலால் தட்டுகிறவன் வேகத்தில்.

நாலாம் நம்பர் பிரஸ்... கதவு சென்சார்... வேலை செய்யவில்லை.

காயத்ரி பொரிப் பொட்டலத்தைப் பிரித்து, பொரியைத் தரையில் கொட்டி, அந்தக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். இதைத்தானே இரண்டு வருடமாகத் தேடினோம்? பதிந்தால் போதும். அப்பாவின் மனுவுக்கு இது ஒன்று போதும்.

'பதிக' என்ற பொத்தானை அழுத்தினாள். அது அசையவில்லை. எழுதுகிறவர்தான் பதிய வேண்டும்.

2.40. மெயினை அணைக்கவும்.

பீப்... பீப்... பீப்...

2.44. நான் உள்ளே போகிறேன்.

"போகாதண்ணா," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

எழுத்து மட்டும் வந்துகொண்டிருந்தது.

பார்த்துச்...

சொல்...

2.47.

திரை இருண்டது.

தொம்.

ஒரே ஒரு முறை.

மூன்று மணிக்கு மேல் டார்ச்சோடு வந்த சாலமோன், அவள் தரையில் சிதறிய பொரிக்கு நடுவே உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். நாலாம் நம்பருக்கும் டார்ச் அடித்துப் பார்த்தாராம். பூஜைக்குக் கட்டிய மாலைகூடக் கலையவில்லை.

மறுநாள் காலை பரசுராமன் வந்து மெயினைப் போட்டான். எடுத்து வைத்த நகலை வைத்து மறுபடி தொடங்கினாள். அரை மணி நேரத்தில் எங்கும் நிற்காமல் முடிந்தது. 21,606. புதிதிலும் 14,370க்கு அடுத்தது 14,372தான்.

புது வெர்ஷனில் ஒரு வசதி. சிஸ்டம் எப்போதெல்லாம் நின்றது என்ற பட்டியலை முதல் பக்கத்திலேயே காட்டும். பழையது அதைக் காட்டியதில்லை. முதல் வரி, முந்தைய நாள், 2.47, மின்தடை. அவள் கீழே கீழே போனாள். இரண்டு வருடம் போனாள்.

ஆகஸ்ட் 18. பிற்பகல் 2.47. பத்து நிமிடம் நிறுத்தம். காரணம்: சிறிய அப்டேட்.

நிறுத்தியவர்: காயத்ரி.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு டிக்கெட் குறைவாக இருக்கும். அப்போது யாரிடமும் கேட்காமல் நிறுத்தி, சின்னச் சின்ன வேலைகளை முடித்துவிடுவது அவள் வழக்கம். வாரத்துக்கு ஒரு முறை செய்கிற வேலை. அன்றும் செய்ததாக அவளுக்கு நினைவே இல்லை. அண்ணன் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறான். நடுவில் சிஸ்டம் நின்றதில், அவன் எழுதியதுதான் சுவிட்ச் அறைக்குப் போய்ச் சேரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, பொரிக் காகிதத்தை என் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. எங்கள் வீட்டுப் பெண் அவள். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இனிமே மனுவுல இன்னா எழுதப் போறீங்க நைனா?"

மூன்று மாதம் ஆகிறது. 'என் மகன் டிக்கெட் எழுதினான்' என்பது வரை எழுதி வைத்திருக்கிறேன்.